பானைக்கு அடியில் ஒரு ஈயக்குண்டு

எங்கள் குப்பத்தில் ஆடி பிறந்தால் முதலில் பேச்சு வருவது கூழைப் பற்றி அல்ல, பானையைப் பற்றி. அம்மன் கோயிலில் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டின் முறை. அன்றைய கூழ் அந்த வீட்டுடையது. சாயங்காலத்துக்குப் பாட்டோ கூத்தோ ஏற்பாடு செய்வதும் அந்த வீட்டின் பொறுப்பு. எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று சொல்வது ஒரு மண்பானை. கடலோடு சேருகிற உப்பு ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் 'பாடு' பிரித்துக்கொள்கிற ஊர் இது. சாமி காரியத்துக்கு மட்டும் வேறு வழி தேடுவார்களா?

பானைக்குள் சீட்டு எழுதிப் போடுவதில்லை. வீட்டுக்கு ஓர் அடையாளம். ஒரு வீட்டுக்குச் சிப்பி, ஒரு வீட்டுக்கு மிதவைத் துண்டு, ஒரு வீட்டுக்கு உடைந்த சங்கு வளையல். நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி உயர்த்திக் காட்டி, "இது யார் வூடு?" என்று கேட்பார். யார் வீடு என்று அவருக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் கேட்பார். கொண்டு வந்தவர் சபையில் வாய் திறந்து சொன்ன பிறகுதான் அது பானைக்குள் விழும். கடைசியில் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுப் பத்து அடையாளங்களை எடுப்பார்.

என் நைனாவின் அடையாளம் ஒரு ஈயக்குண்டு. வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்குமே, அது. கனமான சாமான். பானையைக் குலுக்கக் குலுக்க அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பூசாரியோ மேலோட்டமாகக் கையை விடுகிற மனிதர். அதனால் எங்கள் வீட்டு முறை அத்தி பூத்தாற்போல எப்போதாவதுதான் வரும். ஒவ்வோர் ஆடியிலும் கோயிலிலிருந்து வீடு வரைக்கும் நைனா பூசாரியைத் திட்டிக்கொண்டே வருவார். வேறு எதையாவது போட வேண்டியதுதானே என்று அம்மா கேட்டால், அவளுக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

நைனா போய் ஏழு வருடங்கள் ஆகிவிட்டன. காரியம் முடிந்த அன்று நாட்டார் வந்து, அந்தக் குண்டு இனிமேல் பானைக்கு வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் மகன் இல்லை. ஓர் ஆண் தாலி கட்டிக் குடித்தனம் வைத்தால்தான் அது வீடு, 'தலைக்கட்டு'. நானும் அம்மாவும் சமைத்துச் சாப்பிட்டுச் சண்டை போட்டுக் குடியிருந்த இடம், ஓடும் கதவும் இருந்தும், அன்றோடு வீடாக இல்லாமல் போயிற்று.  அம்மா குண்டை எடுத்துச் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டாள்.

"கனமா இருந்தா சாவி தொலையாது," என்றாள்.

நான் பெண்ணை நேசிக்கிற பெண். இதை எப்படிச் சொல்வது என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால் நான்கு சொல்லில் அடங்குகிற விஷயம்.

மீஞ்சூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடை இருக்கிறது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நாள் தனியார் பள்ளிக்கூடத்துப் பி.டி. டீச்சர் ஒருத்தி, கழுத்தில் விசில் தொங்க, விளையாட்டு விழா பேனரைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். மேசை மேல் விரித்துப் போட்டாள்.

"ஓடுற பொண்ணுக்குக் கால எங்க காணோம்?"

குனிந்து பார்த்தேன். முழங்காலோடு வெட்டி வைத்திருந்தேன். கீழே நன்கொடையாளர் பெயர்களுக்கு இடம் வேண்டியிருந்தது என்று சமாதானம் சொன்னேன். "அப்ப இவ நன்கொடையாளர் மேலதான் ஓடணும்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. கால் வைத்து வேறு பேனர் அடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் ஒரு காரணமும் இல்லாமல் வந்தாள். அதற்கடுத்த வாரம் காரணம் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு சூட்கேசும் இரண்டு கூடைப்பந்தும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

அவள் ஊர் திருப்பாலைவனம். நெல் போடுகிற குடும்பம். மகளைத் திருப்பி அழைத்துப் போக அவளுடைய நைனா ஒரு மத்தியானம் பஸ் பிடித்து, படகு ஏறி, மணலில் செருப்பைத் தொலைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலில் நின்று கத்தினார். அம்மா அவர் கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, "பசியில கத்துனா மயக்கம் வரும், குந்துங்க," என்று இலை போட்டாள். அன்றைக்குப் பச்சை நண்டுக் குழம்பு. முதல் நண்டை உடைக்கும்போது அவர் கோபமாக இருந்தார். மூன்றாவதை உடைக்கும்போது, அவரைக்காய்ப் பந்தலை ஆடுகள் நாசம் செய்வதைப் பற்றி அம்மாவிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மகளை அழைத்துப் போகவில்லை. அம்மா வேலிக்கு ஆகும் என்று கொடுத்த பழைய வலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அவள் அம்மாவை 'அத்தை' என்று கூப்பிட்டாள். அம்மா அவளை 'டீச்சரு' என்று கூப்பிட்டாள். குழம்பில் புளி அதிகமா குறைவா என்று இருவரும் தினமும் வாதாடினார்கள். ஆனால் யாராவது வந்து, "யாரு இந்தப் பொண்ணு?" என்று கேட்டால் மட்டும் அம்மா சட்டென்று, "மாடி ரூம்ல வாடகைக்குக் கீது," என்பாள். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. கேட்டவர்கள் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன் என்றாலும் வலிக்காமல் இல்லை. அவளுக்கும் வலித்தது.

நாடகம் போடும் யோசனை அவளுடையது. மீஞ்சூரில் எங்களைப் போலவே ஒரு ஜோடி உண்டு. ஒருத்தி நன்றாகப் பாடுவாள், மற்றவள் உடுக்கை அடிப்பாள். நால்வரும் சேர்ந்து அரை மணி நேரத்துக்கு ஒரு கதை கட்டினோம். வாரா வாரம் கருவாட்டுக் கூடையோடு வருகிற ஒரு கடற்கரைப் பெண். கருவாடு வாங்கிக்கொண்டு நெல் அளந்து போடுகிற ஒரு கழனிப் பக்கத்துப் பெண். அளவில் சண்டை, சண்டையில் சிநேகம், சிநேகம் முற்றிக் கடைசியில் இருவரும் ஒரே வீட்டில் அடுப்பு மூட்டுகிறார்கள். அவள் கருவாட்டுக்காரி, நான் நெல்லுக்காரி. பிறந்த இடத்தை மாற்றிக்கொண்டு நடித்தால்தான் ருசி என்பது அவள் வாதம். ஒத்திகையில் நான் வசனத்தை மறந்தால் விசில் ஊதுவாள்.

பாக்கி இருந்தது மேடை. எங்கள் பக்கத்தில் மேடை என்றால் கோயில் திருவிழாதான். பேனர் அடிக்க விழாக் கமிட்டிக்காரர்கள் என் கடைக்குத்தானே வருகிறார்கள்? "பேனர் சும்மாவே அடிச்சுத் தரேன். அரை மணி நேரம் எங்களுக்கு விடுங்க," என்பேன். என்ன நாடகம் என்று கேட்டால், விழிப்புணர்வு நாடகம் என்பேன். பொய் இல்லையே. சாமியை ஏமாற்றுகிறோமோ என்று ஆரம்பத்தில் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. எனக்கும் அம்மனுக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள் நான். எங்கள் ஊர் அம்மனும் பக்கத்தில் ஆண் துணை இல்லாமல் தனியாக உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொள்கிறவள்தான். அவளுக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன்.

காட்டூர்ப் பக்கம் ஒரு கோயிலில் போட்டதை மறக்க முடியாது. கடற்கரைக் காட்சிக்கு வலை வேண்டுமே என்று நீலக் கொசுவலை ஒன்றைக் கொண்டு போயிருந்தோம். மைக் பிடித்தவர் அதைப் பார்த்தார், 'விழிப்புணர்வு' என்ற சொல்லையும் சேர்த்தார், "அடுத்ததாக டெங்கு ஒழிப்பு நாடகம்," என்று அறிவித்துவிட்டார். ஜனங்கள் நன்றாகவே ரசித்தார்கள். அளக்கிற சண்டைக்குக் கைதட்டினார்கள். இரண்டு பெண்களும் ஒரே வீட்டுக்குப் போன இடத்தில் கைதட்டல் நின்றுபோயிற்று. பிறகு பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிக்க, அது அப்படியே பரவிற்று. முடிந்ததும் ஒரு பெரியவர் மேடையருகே வந்து, "எல்லாம் சரிம்மா, கொசு எப்ப வரும்?" என்று கேட்டார். அவள் கொஞ்சமும் அசராமல், "தண்ணிய மூடி வச்சீங்கன்னா வராது தாத்தா," என்றாள். அவர் திருப்தியாகப் போனார்.

எல்லா இடமும் இப்படி இல்லை. ஓர் ஊரில் பாதியிலேயே மைக்கை நிறுத்தினார்கள். இன்னோர் ஊரில் கமிட்டிக்காரர் என் கடைக்கே வந்து, கலீஜான நாடகம் என்று திட்டிவிட்டு, போகிற போக்கில் பேத்தி காதுகுத்துக்குப் பேனர் சொல்லிவிட்டுப் போனார். நான் அடித்துக் கொடுத்தேன். குழந்தை என்ன செய்தது பாவம்.

ஏரியைச் சுற்றிப் பல ஊரில் ஆடியாயிற்று. எங்கள் ஊரில் மட்டும் ஆடவில்லை. எங்கள் ஊரில் முறை உள்ள வீடுதான் சாயங்காலத்தை நடத்தலாம். பேனர் பேரமெல்லாம் எடுபடாது. போன வருடம் ஆனி மாதம் நாட்டாரிடம் நேராகவே போனேன். மீன் ஏலக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன்.

"மாமா, எங்க வூட்டு அடையாளத்தையும் பானையில போடணும்."

"ஆம்பள இல்லாத வூட்ட எப்படிம்மா தலைக்கட்டுல சேக்கறது? சட்டம் நான் போட்டது இல்ல. ஒரு மாப்ள வரட்டும், மறுநாளே போட்டுடலாம்."

"குடிச்சுட்டுப் படகுல கவுந்து கிடக்குற மாப்ளயா இருந்தாலும் பரவால்லியா?"

"பரவால்ல," என்றார். அதுதான் வழக்கம் என்பதால் அவர் முகத்தில் கிண்டல்கூட இல்லை.

எனக்கு உச்சி வரைக்கும் சூடு ஏறியது. நானும் அவளும் சேர்ந்து கூரை மாற்றியிருக்கிறோம், அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு மாறி மாறி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறோம். சட்டமும் எங்களுக்குக் கல்யாணத்தை எழுதித் தராது, ஊரும் எங்களை வீடு என்று சொல்லாது. சட்டத்தைக்கூட மன்னித்துவிடலாம், அது எங்கேயோ இருக்கிறது. இந்த ஊர் என் வாசலில் இருக்கிறது. அந்த ஈயக்குண்டு பானைக்குள் விழ வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த ஆடியில் ஆறாம் நாள் நாட்டார் வீட்டுக்கே முறை விழுந்தது. ஊரை அமர்க்களப்படுத்த வேண்டும் என்று பெரிய பாட்டுக் கச்சேரிக் குழுவைப் பேசியிருந்தார். பேனர் என் கடையில்தான். அடித்துக்கொண்டிருக்கும்போது பார்க்கிறேன், இன்னொரு ஊர்க் கோயில் பேனரும் திரையில் நிற்கிறது. அதே குழு, அதே நாள், அதே ஆறு மணி. கச்சேரிக்காரர்கள் இரண்டு ஊருக்கும் தலையாட்டியிருக்கிறார்கள். அந்த ஊர் பெரிய ஊர், எங்கே போவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நியாயமாக நான் அந்த நிமிடமே நாட்டாருக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நான்கு நாட்கள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேறு குழு பிடிக்க நேரமில்லாத அளவுக்குத் தாமதித்து, ஐந்தாம் நாள் மத்தியானம் போய்ச் சொன்னேன். அவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன். அவர் போன் மேல் போன் போட்டார். கச்சேரிக்காரர் எடுக்கவே இல்லை. சொந்த முறையில் மேடை காலியாக இருப்பது நாட்டாருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும்.

"உங்க நாடகம் எவ்ளோ நேரம்?" என்று கேட்டார்.

"அரை மணி நேரம் மாமா. பாட்டோட சேத்து ஒரு மணி நேரமா இழுத்துடலாம்."

"சாமிக்கு விரோதமா எதனா வருமா?"

"நெல்லும் கருவாடும்தான் மாமா வரும்."

எங்கள் ஊரில் கொசுவலையைக் காட்டினால் ஏலக் கொட்டகையே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பார்கள். நிஜ வலை வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். "எங்க நைனா வேலியில ஒண்ணு கட்டி வச்சிருக்காரே, உங்க வூட்டு வலைதான்," என்றாள். கடையில் வேலை மும்முரத்தில், சரி கொண்டு வா என்றேன். எந்த வலை என்று கேட்கவில்லை. மீனவர் மகள்தான் நான். ஆனால் பெண் பிள்ளையை மீன் பிடிக்கப் படகில் ஏற்றாத ஊரில் வளர்ந்து, பத்தாவது முடித்ததும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தவள். வலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது பேனரில் போடுகிற படம்தான்.

ஆறாம் நாள் சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே ஏலக் கொட்டகையில் ஆரம்பித்தோம். முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் நாட்டார், வெள்ளை வேட்டியில், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பையனைப் போல உட்கார்ந்திருந்தார். மணல் முழுக்க ஜனம். "எனக்கு சீரியல் கீது," என்று சொல்லியிருந்த அம்மா, கடைசியில் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மடியில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். முதல் வசனத்தை இரண்டு முறை சொன்னேன்.

அளக்கிற சண்டை நன்றாக எடுபட்டது. பிறகு கடற்கரைக் காட்சி. அவள் தலைப்பாகை கட்டிக்கொண்டு, வலையை விரித்துப் பிடித்து, வெள்ளை இறால் வந்து குவிவதாகப் பாட ஆரம்பித்தாள். இரண்டு வரிகூட முடியவில்லை.

"டீச்சரு, அது நண்டு வலை," என்றது முன்னாலிருந்து ஒரு குரல்.

"வலைக் கண்ணு எவ்ளோ பெருசுன்னு பாரு. இறாலு உள்ள வந்து சவுக்கியமான்னு கேட்டுட்டு வெளிய போயிடும்," என்றது இன்னொரு குரல்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் முகம் சிவந்துவிட்டது. உதறித் தூக்கிக் காட்டலாம் என்று வலையை வெடுக்கென்று இழுத்தாள். டர்ரென்று ஓரிடத்தில் விட்டது.

"இழுக்காத, இழுக்காத. ஒட்டுப் போட்ட எடம் அது."

அம்மாவின் குரல். ஐஸ் பெட்டிப் பக்கத்திலிருந்து எழுந்து, ஜனங்களை விலக்கிக்கொண்டு நேராக மேடைக்கு வந்தாள். வலையைக் கையில் வாங்கிக் கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். நைனாவின் நீல வலையில் ஓர் இடத்தில் மட்டும் பச்சை நூல். அவளே போட்ட ஒட்டு. "எங்க வூட்டுக்காரர் வலை இது," என்று யாருக்கும் இல்லாமல் சொல்லிவிட்டு, மேடை நடுவிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "யாருனா ஊசி குடுங்க." எங்கள் ஊர்க் கூட்டத்தில் வலை ஊசிக்கா பஞ்சம்? நூல் சுற்றிய ஊசி ஒன்று கைமாறிக் கைமாறி வந்தது. அம்மா பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

நாங்கள் இருவரும் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விழித்துக்கொண்டு நின்றோம். உடுக்கைக்காரிதான் சமயோசிதமாக ஒரு தட்டுத் தட்டினாள். சரி, ஆனது ஆகட்டும் என்று நான் கடைசிக் காட்சி வசனத்தை எடுத்தேன்.

"என்னோட நீ இன்னா ஒறவுன்னு ஊரு கேட்டா இன்னா சொல்லுவே?"

அம்மாவின் தலைக்கு மேலாக அவள் என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சோறு வைக்கிறோம்னு சொல்லுவேன்."

அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவளுங்க எங்க சோறு வைக்கிறாளுங்க. நான்தான் வைக்கிறேன்."

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நாட்டார் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதுபோல நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்துகொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று குடும்பங்கள் எழுந்து போனதைப் பார்த்தேன். ஒருவர் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். அந்த அம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

முடிந்ததும் பயத்தோடு கூட்டத்துக்குள் இறங்கினேன். எங்கள் இருவரைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேட்கத் தயாராக இருந்தேன். ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வலையைப் பற்றித்தான் பேசினார்கள். இறால் வலைக்குக் கண் எத்தனை விரல் இருக்க வேண்டும் என்று ஒருவர் விளக்கினார். தலைப்பாகையை எந்தப் பக்கம் செருக வேண்டும் என்று இன்னொருவர். மீன் விற்கிற பெண்கள் ஐந்தாறு பேர் அவளைச் சூழ்ந்துகொண்டு, கூடையை இடுப்பில் வைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். "அடுத்த வருஷமும் இதையே போடுங்க. வலைய மட்டும் எங்கள கேட்டு எடுத்துனு போங்க," என்று சொன்னார்கள். இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாழலாம், ஆனால் நண்டு வலையில் இறால் பிடிக்கக் கூடாது. அதுதான் எங்கள் ஊர்.

அம்மா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். "இத இனிமே யாருக்கும் குடுக்காதீங்க," என்றாள். மறுநாள் திருப்பாலைவனத்திலிருந்து டீச்சருடைய நைனா போன் செய்து, ஆடு அவரையைத் தின்றுவிட்டது, வேலி எங்கே என்று கத்தினார். அம்மா அவருக்கு ஒரு டப்பா கருவாடு அனுப்பினாள்.

அதன் பிறகு ஒரு வருடம் எதுவும் மாறவில்லை. அம்மா ஓய்ந்த நேரமெல்லாம் வலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். அவளுடைய டீச்சரு பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுத்தாள். யாராவது புதிதாக வந்து கேட்டால், "மாடி ரூம்ல வாடகைக்குக் கீது," என்ற பதில் அப்படியே இருந்தது. எனக்கு அந்த ஒரு வாக்கியத்தால்தான் நம்பிக்கை தளர்ந்துகொண்டே போயிற்று. நாட்டாரிடம் மறுபடி போய்க் கேட்கவும் மனம் வரவில்லை.

இந்த ஆடியில் பானை வைத்த அன்று, நானும் அவளும் கோயில் வேப்பமரத்தடியில் நின்றோம். பேனருக்குப் படம் எடுக்கிற சாக்கு. வீட்டுக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். சிப்பி, மிதவை, வளையல். "இது யார் வூடு?" பதில். பானை. வரிசையின் கடைசியில் ஒரு சேலை தெரிந்தது. ஆண்களுக்குப் பின்னால், சாவிக்கொத்தைப் பிரித்துக்கொண்டே, என் அம்மா.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பல்லால் கடித்து நூலை அவிழ்த்து, குண்டை நாட்டாரின் உள்ளங்கையில் வைத்தாள். அவருக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் நைனாவின் கூட்டாளி அவர். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். இதைப் போடலாமா கூடாதா என்று அவர் யோசிப்பது எனக்கு மரத்தடி வரைக்கும் தெரிந்தது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள்.  கடைசியில் அவர் குண்டை உயர்த்தினார். கேட்பதுதானே வழக்கம்.

"இது யார் வூடு?"

"எம் பொண்ணு வூடு," என்றாள் அம்மா. "எம் பொண்ணும் அவ வூட்டுக்காரியும் குடித்தனம் பண்ற வூடு. போன வருஷம் உன் முறைய எடுத்துச் செஞ்சு உன் மானத்தக் காப்பாத்துச்சே, அந்த வூடு."

 பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒருவர், "ஆம்பள இல்லாத வூட்ட எப்படி," என்று ஆரம்பித்தார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "ஆம்பள இருந்தப்ப மட்டும் இந்த ஈயம் எத்தினி தபா வந்துச்சு?"

முதலில் சிரித்தது பூசாரிதான். நாட்டார் சிரிக்கவில்லை. முறை செய்த வீட்டை வீடு இல்லை என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்? பானைக்கு மேல் கையைக் கொண்டுபோய் விரலை விரித்தார். மற்ற அடையாளங்கள் விழுந்தபோது கேட்காத ஒரு சத்தம், டங்கென்று, அடியில் கேட்டது. நான் அங்கேயே மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். அவள் என் கையிலிருந்த போனை வாங்கி, யாரும் கேட்காமலேயே பானையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பூசாரி பானையைக் குலுக்கினார். கண்ணை மூடினார். பத்து முறை கையை விட்டார். எங்கள் குண்டு வரவில்லை. நான்காம் நாள் முறை கிடைத்த வீட்டுக்காரி எங்களைத் தேடி வந்து, கச்சேரி வேண்டாம், உங்கள் நாடகத்தைப் போடுங்கள், வலை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா வழி முழுக்கப் பூசாரியைத் திட்டிக்கொண்டே வந்தாள். "அடி வரைக்கும் கையே விடல அவன். ஈயம் அடியிலதான் கெடக்கும்னு தெரியாதா? மேலயே துழாவினா வேற இன்னா வரும்?"

"அடுத்த வருஷம் மிதவைத் துண்டு போட்டுடலாம் அத்தை," என்றாள் அவள். "மேலயே நிக்கும்."

அம்மா மணலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஆறு வருஷமா வூட்டுல கீற, இது கூடத் தெரியாதா உனக்கு? நம்ம வூட்டுக்கு ஈயம்தான்."